விந்தகத்துக்குள் ஒரு மதில்

திருவனந்தபுரத்து ஆரியசாலை தமிழர்க்குப் புதிய இடமன்று. சாலைக் கடைத்தெருவை அடுத்து, அரிசி மூட்டைகளுக்கும் மிளகு மூட்டைகளுக்கும் இடையே மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்கும் வணிகப் பகுதி அது. நவராத்திரி நாட்களில் குமரி மாவட்டத்து வேளிமலைக் குமாரசுவாமி எழுந்தருளித் தங்குவது இங்குள்ள தேவி கோயிலில்தான். குமரன் பெயரைக் கேட்டவுடன் நம் வீட்டுப் பெண்களுக்குச் சஷ்டி விரதம் நினைவுக்கு வருவது இயல்பு. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்ற பழமொழிக்குப் பெரியவர்கள் ஓர் உட்பொருள் கூறுவார்கள்: சஷ்டியில் நோன்பிருந்தால் அகப்பையாகிய கருப்பையில் குழந்தை வரும் என்பது அது. பொருள் அழகானதே. ஆனால் பிள்ளைப்பேற்றின் பொறுப்பு முழுவதும் அகப்பைக்கே உரியதென்று அந்தப் பழமொழி கருதுவதையும் நாம் கவனிக்க வேண்டும். நோன்பு இருப்பவளும் பெண். பேறு வாய்க்காதபோது பேச்சுக் கேட்பவளும் பெண். 'மலடி' என்ற சொல் தெருவெங்கும் எளிதில் புழங்குகிறது. 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது. வெளியே வருவது அரிது.

உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப் பேறின்மையைச் சந்திக்கிறார். இத்தகைய தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் குறை தனியாகவோ பெண்ணின் குறையுடன் சேர்ந்தோ காணப்படுகிறது என்பது மருத்துவர்களின் பொதுவான முடிவு. விந்துப் பரிசோதனைக்குச் செலவு குறைவு, வலி இல்லை. பெண்ணுக்குச் செய்யப்படும் பரிசோதனைகளில் பல அப்படிப்பட்டவை அல்ல. இருந்தும் முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லப்படுபவள் மனைவிதான். கணவன் வெளித் திண்ணையில் காத்திருக்கிறான். ஆணின் உடலில் அப்படி என்ன கெட்டுப்போக முடியும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். கெட்டுப்போகக் கூடிய நுட்பமான அமைப்பு ஒன்று அங்கே இருக்கிறது. அதைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

ஆரியசாலையிலிருந்து கடைத்தெரு வழியே மேற்கு நோக்கி நடந்தால் கிழக்கே கோட்டை வாயிலை அடைகிறோம். மதிலுக்கு வெளியே சந்தையின் இரைச்சல். உள்ளே பத்மநாப சுவாமி கோயில். ஒரே நகரம்தான், ஆனால் மதிலின் இரு புறமும் ஒழுங்கு வேறு. ஆணின் விந்தகத்துக்குள்ளும் இத்தகைய மதில் ஒன்று உண்டு. இரத்தம் ஓடும் புறம் ஒன்று. விந்தணுக்கள் உருவாகும் புறம் மற்றொன்று. கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல், உயிரணுக்கள் தோளோடு தோள் இணைந்து நின்று எழுப்பிய மதில் அது.

விந்தகம் என்பது வெளிப்பார்வைக்கு ஒரு சிறு உருண்டை. அறுத்துப் பார்த்தால் அதன் உள்ளே நூலைப் போன்ற நுண்குழல்கள் நூற்றுக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து நீட்டினால் சில நூறு மீட்டர் நீளும். ஒவ்வொரு குழலின் உட்சுவரிலும் உயரமான உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றை 1865-ம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தவர் என்ரிகோ செர்ட்டோலி என்ற இத்தாலியர். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. அவர் பெயராலேயே அவை இன்றும் செர்ட்டோலி உயிரணுக்கள் என வழங்குகின்றன. வளரும் விந்தணுக்களைத் தம் மடிப்புகளில் தாங்கி உணவூட்டுவதால் செவிலி உயிரணுக்கள் என்றும் இவற்றைச் சொல்வது உண்டு. அந்தச் செவிலியே காவற்காரியும் ஆவாள் என்பது வெகு காலத்துக்குப் பின்னரே தெரிய வந்தது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் உயிருள்ள பிராணிகளின் இரத்தத்தில் சாயங்களைச் செலுத்திப் பார்த்தனர். உடலின் உறுப்புகள் பலவும் நிறமேறின. மூளை நிறமேறவில்லை. விந்தகத்தின் நுண்குழல்களின் உட்புறமும் நிறமேறவில்லை. மூளையைப் பற்றிய செய்தி பெரும் புகழ் பெற்றது. விந்தகத்தைப் பற்றிய செய்தி அரை நூற்றாண்டுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1969-ம் ஆண்டில் பிரையன் செட்செல் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஆட்டுக்கடாக்களின் விந்தகத்திலிருந்து வெளிவரும் நீரைச் சேகரித்து ஆராய்ந்து, இரத்தத்தில் உள்ள பல பொருள்கள் அந்த நீரில் புக முடியவில்லை என்று காட்டினர். அடுத்த ஆண்டில் மார்ட்டின் டிம், டான் ஃபாசெட் ஆகிய இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால் தடை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டனர். மூளையில் காவல் இரத்தக் குழாயின் சுவரிலேயே அமைந்திருக்கிறது. விந்தகத்தில் அப்படி இல்லை; இரத்தக் குழாயிலிருந்து நீர் தாராளமாக வெளியே கசிகிறது; நுண்குழலின் வெளியுறையையும் கடக்கிறது. ஆனால் ஒரு செர்ட்டோலி உயிரணுவும் அடுத்த செர்ட்டோலி உயிரணுவும் அடிப்பாகத்தில் தைத்ததுபோல் இறுக இணையும் இடத்தில் அது நின்று விடுகிறது. அந்தத் தையல் வரிசையே மதில்.

இந்த மதில் எதற்காக? நம் உடலின் தற்காப்புப் படை, தன்னவர் யார், அயலார் யார் என்று அறிந்து கொள்வது பெரும்பாலும் இளம் பருவத்திலேயே. ஆனால் விந்தணுக்கள் உண்டாகத் தொடங்குவது பருவமடைந்த பிறகுதான். ஒரு பையனின் உடல் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் பழகித் தேர்ந்த பின்னர், அது ஒருபோதும் பார்த்திராத புதுமையான உயிரணுக்கள் அவனுக்குள்ளேயே பிறக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் உள்ள புரதங்கள் வேறு எந்த உறுப்பிலும் இல்லாதவை. மரபுப் பொருளும் பாதியளவே. தற்காப்புப் படை அவற்றைக் கண்டால் அயலாரென்றே கருதும். ஆகையால் அவற்றைக் கண்ணில் படாமல் மறைத்து வைப்பதற்கு மதில் வேண்டியிருக்கிறது. மதில் முழுமை பெறுவதும் பருவமடையும் காலத்திலேதான் என்பது வியப்பூட்டும் ஒத்திசைவு. மதில் மட்டுமே காவல் என்று எண்ணிவிடவும் கூடாது. குழலுக்கு வெளியே உள்ள இடத்திலும் தற்காப்புப் படையின் சீற்றத்தைத் தணிக்கும் பொருள்கள் சுரக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. விந்தணுவின் மூல உயிரணுக்கள் மதிலுக்கு வெளிப்புறத்தில், இரத்தத்தின் பக்கத்தில் இருக்கின்றன. அவை பெருகி, முதிர்ந்து, பாதியாகப் பிரிய வேண்டிய கட்டத்தில் உள்ளே போயாக வேண்டும். வாயிலைத் திறந்தால் இரகசியம் வெளிப்படும். திறக்காவிட்டால் விந்தணுவே இல்லை. இயற்கை இதற்குக் கண்டிருக்கும் வழி மிகவும் அழகானது. உள்ளே போகும் உயிரணுவுக்குக் கீழே, அதாவது அதன் முதுகுப் பக்கத்தில், முதலில் புதிய தையல் போடப்படுகிறது. அது இறுகிய பிறகே தலைக்கு மேலிருந்த பழைய தையல் அவிழ்கிறது. சிறிது நேரம் அந்த உயிரணு இரண்டு கதவுகளுக்கு இடையே உள்ள சிற்றறையில் நிற்கிறது. பின்கதவு சாத்திய பிறகே முன்கதவு திறக்கும். இவ்வாறு மதில் ஒரு கணமும் முழுவதாகத் திறக்கப்படாமலே, கோடிக்கணக்கான பேர் உள்ளே போகிறார்கள். இந்தக் கதவுகளின் வேலையை ஒழுங்குபடுத்துவன மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் சுரப்பு நீரும், விந்தகத்திலேயே ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மைச் சுரப்பு நீரும் ஆகும்.

மூல உயிரணு விந்தணுவாகி வெளிவர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிறது. ஆகவே இன்று அடிக்கும் கடுங்காய்ச்சலின் விளைவு இரண்டு மூன்று மாதங்கள் கழித்தும் பரிசோதனையில் தெரியலாம். ஒரே ஒரு சோதனையைக் கொண்டு ஒருவரைக் குறையுள்ளவர் என்று தீர்த்து விடுவது தவறு என்று மருத்துவர்கள் கூறுவதற்கு இது ஒரு காரணம்.

இனி மதில் பழுதுபடும் விதத்தைப் பார்ப்போம். 2021-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் திருவனந்தபுரத்தில் சீகா என்ற வைரஸ் காய்ச்சல் தலைகாட்டியது. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுவே இதையும் பரப்புகிறது. பகலில் கடிப்பது, வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல நீரில் வளர்வது. காய்ச்சல் பெரும்பாலும் இலேசானது, கருவுற்ற பெண்களைப் பற்றியே எல்லோரும் கவலைப்பட்டார்கள், அது சரியே. ஆனால் இந்த வைரஸ் விந்தகத்தின் மதிலைக் கடக்க வல்லது என்பதைப் பலர் அறியார். இரத்தத்திலிருந்து மறைந்த பிறகும் விந்துவில் வாரக்கணக்கிலும் சிலரிடம் மாதக்கணக்கிலும் அது தங்குகிறது. காரணம் எளிது: தற்காப்புப் படைக்கு மறைவாகக் கட்டிய கோட்டைக்குள் பகைவன் ஒருமுறை நுழைந்து விட்டால், அந்த மறைவே அவனுக்குப் பாதுகாப்பாகிறது. எதிர்ப்பாற்றல் குறைக்கப்பட்ட சுண்டெலிகளில் சீகா நுண்குழல்களைச் சிதைத்து விந்தணுக்களை வற்றச் செய்தது என்று 2016-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். மனிதனுக்கு நிலையான மலட்டுத்தன்மை வருகிறது என்பதற்குச் சான்று கிட்டவில்லை. வீண் அச்சம் வேண்டாம். இருப்பினும் இந்நோய் கண்ட ஆண் மூன்று மாத காலம் மனைவியிடம் பாதுகாப்புடன் இருக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் அறிவுரை கூறியிருக்கிறது.

நமக்கு நெடுங்காலமாகப் பழக்கமான பகைவன் பொன்னுக்கு வீங்கி. மலையாளத்தில் முண்டிநீர் என்பார்கள். வீங்கிய கன்னத்துக்குக் கழுத்தில் பொற்சங்கிலி அணிந்தால் வடியும் என்ற நம்பிக்கையால் இப்பெயர் வந்தது. பொன் அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் ஒரு வாரம் பத்து நாளில் வீக்கம் வடிகிறது. பெருமை பொன்னுக்குப் போகிறது! 2024-ம் ஆண்டின் தொடக்கத்தில் கேரளத்தில், குறிப்பாக மலப்புறத்தில், இந்நோய் பெருமளவில் பரவிற்று. சிறுவர்களுக்கு இது பெரும்பாலும் கன்னத்தோடு போய்விடும். பருவமடைந்த ஆண்களிலோ நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை விந்தக வீக்கம் அடைகின்றனர். விந்தகத்தைச் சுற்றியுள்ள உறை தடித்தது, விரிந்து கொடுக்காதது. அதனால் வீக்கத்தின் அழுத்தம் உள்ளே இருக்கும் குழல்களையே நெரிக்கிறது. பெரும்பாலும் ஒரு பக்கமே வீங்குவதால் மறு பக்கம் கைகொடுக்கிறது; முழு மலட்டுத்தன்மை அபூர்வம். 2017-ம் ஆண்டு முதல் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் உரியது. பொன்னுக்கு வீங்கிக்கு அதில் இடமளிக்கப்படவில்லை. மூன்றையும் தடுக்கும் ஊசி தனியே உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நலம்.

பகைவன் வெளியிலிருந்து வந்தால்தான் கேடு என்பதில்லை. உள்ளே இருப்பவன் வெளியே கசிந்தாலும் கேடுதான். 1954-ம் ஆண்டில், பிள்ளைப் பேறற்ற சில ஆண்களின் இரத்தத்தில் அவர்களுடைய சொந்த விந்தணுக்களையே பற்றும் எதிர்ப்பொருள்கள் இருப்பதை, நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் ஒருவரையொருவர் சாராத இரு மருத்துவர்கள் கண்டனர். எதிர்ப்பொருள் ஒட்டிய விந்தணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கூட்டமாகக் கிடக்கும், நீந்த மாட்டா, கருமுட்டையைத் துளைப்பதும் கடினமாகிறது. அடிபட்ட விந்தகம், கிருமி தாக்கிய குழாய், அறுவை ஆகியவை இதற்கு வழி வகுக்கலாம்.

இந்த இடத்தில் கேரளத்தின் வரலாறே நமக்கு ஒரு பாடப்புத்தகமாக உதவுகிறது. எறணாகுளத்தில் 1970-ம் ஆண்டின் இறுதியிலும் 1971-ம் ஆண்டு ஜூலை மாதத்திலும் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் நடந்தன. ஜூலை முகாமில் மட்டும் 60,000-க்கு மேற்பட்ட ஆண்கள் விந்துக் குழாய் அறுவை செய்து கொண்டனர். உலகம் முழுவதும் பேசிய முகாம் அது. அறுவைக்குப் பின் விந்தகம் வேலை நிறுத்தம் செய்வதில்லை. விந்தணுக்கள் பழையபடி உற்பத்தியாகின்றன. வழி அடைபட்டதால் விந்தகத்தின் மேல் சுருண்டு கிடக்கும் குழலில் தேங்கிச் சிதைகின்றன. அங்கே மதில் அவ்வளவு உறுதியானதன்று. ஆகையால் அறுவை செய்து கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. இவற்றால் அவர்களுடைய உடல் நலத்துக்குத் தீங்கு நேர்வதாகத் தெரியவில்லை. ஆனால் குழந்தையை இழந்தோ மறுமணம் செய்து கொண்டோ குழாயை மறுபடி இணைக்க வருபவர்க்கு நிலைமை வேறு. அமெரிக்காவில் 1991-ம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், அறுவை நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் இணைத்துக் கொண்டவர்களில் நூற்றுக்கு 76 பேரின் மனைவியர் கருவுற்றனர். 15 ஆண்டுகளுக்கு மேற்பட்டவர்களில் 30 பேரின் மனைவியரே. இந்தச் சரிவுக்கு எதிர்ப்பொருள் ஒன்றே காரணமன்று. அடைபட்ட குழலின் அழுத்தமும் வயதும் சேர்கின்றன.

மதிலை வேண்டுமென்றே குலைத்தால் என்ன என்று எண்ணிப் பார்த்தவர்களும் நம் நாட்டில் உண்டு. டெல்லியில் ஜி. பி. தல்வாரும் அவருடைய துணைவர்களும், காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. மருந்தைப் பிராணிகளின் விந்தகத்துக்குள் செலுத்தி, விந்தணு உற்பத்தி நின்றுவிடுவதை 1979-ம் ஆண்டில் வெளியிட்டனர். இதில் நம் கவனத்துக்கு உரியது ஒன்று உண்டு. விந்தணு நின்றது, ஆண்மைச் சுரப்பு நீர் நிற்கவில்லை. ஏனெனில் அந்த நீரைச் சுரக்கும் உயிரணுக்கள் மதிலுக்கு வெளியே, நுண்குழல்களின் இடைவெளியில் இருக்கின்றன. மீசை, குரல், தசை வலிமை, இல்லற இன்பம் யாவும் மதிலுக்கு வெளியிலுள்ள காரியம். விந்தணு மதிலுக்கு உள்ளேயுள்ள காரியம். ஒன்று சிறந்திருக்கும்போதே மற்றொன்று அற்றுப் போயிருக்கலாம். "எனக்கென்ன குறை?" என்று நெஞ்சை நிமிர்த்திப் பரிசோதனைக்கு மறுப்பவர் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார். அவருடைய நெஞ்சில் குறை இல்லை என்பது உண்மைதான்.

இரசாயனங்களின் கதை வேறு வகைப்பட்டது. காட்மியம் என்ற உலோகம் எலிகளின் விந்தகத்தைப் பாழாக்குவது 1950-களிலேயே தெரிந்தது. மதிலின் தையல்களை அது தளர்த்துவதும் பின்னர் புலப்பட்டது. புகையிலைப் புகையில் காட்மியம் உண்டு. பூஞ்சையைக் கொல்லத் தெளிக்கும் கார்பென்டாசிம் எலிகளின் விந்தணுக்களுக்கு இழைக்கும் கேட்டைத் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம். ஏ. அக்பர்ஷா குழுவினர் ஆராய்ந்திருக்கின்றனர். எலியில் கண்டதை அப்படியே மனிதன்மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. ஆனால் கேரளத்துக் காசர்கோட்டில் ஆராயப்பட்டவர்கள் எலிகள் அல்லர், பள்ளிச் சிறுவர்கள். முந்திரித் தோட்டங்களின்மீது ஆண்டுக்கணக்கில் எண்டோசல்ஃபான் வானிலிருந்து தெளிக்கப்பட்ட ஊரில், 117 சிறுவர்களை அகமதாபாத்தின் தேசிய தொழில் சுகாதார நிறுவனத்தார் பரிசோதித்து, மருந்து படாத ஊர்ச் சிறுவர்கள் 90 பேருடன் ஒப்பிட்டனர். தெளிப்புக்கு ஆட்பட்டவர்கள் பருவமடைவது தாமதப்பட்டிருப்பதும், அவர்களுடைய இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருப்பதும் 2003-ம் ஆண்டில் வெளியாயின. மதிலை அவர்கள் அறுத்துப் பார்க்கவில்லை; பார்க்கவும் இயலாது. மதில் எழும்ப வேண்டிய பருவமும், அதை எழுப்பும் சுரப்பு நீரும் ஒருங்கே பாதிக்கப்பட்டன என்பது மட்டும் நமக்குப் போதிய எச்சரிக்கை. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011-ம் ஆண்டில் தடை செய்தது.

வீட்டில் உள்ளோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆண் குழந்தையின் விந்தகம் பையில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடலின் உட்சூட்டை விட இரண்டு மூன்று பாகை குறைந்த வெப்பத்திலேயே அது செவ்வனே இயங்கும். இறங்காதிருந்தால் ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிடுவது முறை. "வளர்ந்தால் சரியாகும்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுப் பத்து வயது வரை காத்திருக்கலாகாது. இளைஞனுக்குத் திடீரென்று ஒரு பக்க விந்தகத்தில் தாங்க முடியாத வலி கண்டால், அது முறுக்கிக் கொண்டிருக்கக் கூடும். ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்க்கப்பட்டால் பிழைக்கும். கூச்சப்பட்டு இரவைக் கழித்துக் காலையில் சொல்லும் பையன்களே அதை இழக்கிறார்கள்.

ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு உண்டாகாவிட்டால் இருவரும் ஒரே நாளில் மருத்துவரிடம் போவதே முறை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரியில் இதற்கெனத் தனித்துறை உண்டு. ஒரு மில்லிலிட்டர் விந்துவில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பது 2021-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் குறித்த கீழெல்லை. அதற்குக் குறைந்தால் நம்பிக்கை அற்றது என்று பொருளல்ல. நாள் கூடலாம் என்றே பொருள். எதிர்ப்பொருள்களை அடக்க முன்னர் ஸ்டீராய்டு மருந்துகளை அதிக அளவில் கொடுத்து வந்தனர். பலன் உறுதியில்லை, இடுப்பெலும்பு கெட்டவர்களும் உண்டு. 1992-ம் ஆண்டில் பிரஸ்ஸெல்ஸ் நகரத்து மருத்துவர்கள் ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவுறச் செய்யும் முறையை வெளியிட்ட பின்னர் வேறு வழி திறந்தது. விந்தணு நீந்த வேண்டியதில்லை. எதிர்ப்பொருள் ஒட்டியிருந்தாலும் தடையில்லை. விந்துவில் அணுவே இல்லாதபோதும், விந்தகத்தில் சிறு துளியளவு திசு எடுத்து, மதிலுக்கு உள்ளேயிருந்தே அணுவைத் தேடிப் பிடிக்கிறார்கள். செலவு மிகுந்தது, ஒவ்வொரு முறையும் பலிப்பதும் இல்லை. ஆணின் ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமையால் விந்தணு குறைந்திருந்தால், இம்முறையில் பிறக்கும் மகனுக்கும் அதே குறை செல்லும். ஆகையால் அணு மிகக் குறைந்தவர்களுக்கு ஊசியைக் கையில் எடுக்குமுன் குரோமோசோம் பரிசோதனை செய்வது வழக்கம். அதற்கும் கணவன் வந்து இரத்தம் கொடுத்தாக வேண்டும்.